போட்டியாளரின் இணைய விளம்பரத்தை ஆராய்தல்: சட்டம் அனுமதிப்பதும் தடுப்பதும்

லா சப்பல் பகுதியில் ஒரே வகைப் பொருளை விற்கும் கடைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஃபோபூர் சான்-தெனி வீதியில் அயல் கடையின் விலையை அறிய, முன்பு அதன் கண்ணாடி முகப்பின் எதிரே சிறிது நேரம் நின்றாலே போதுமாயிருந்தது. இன்று அந்த முகப்பு கைபேசித் திரையிலும் உள்ளது. பிள்ளையார் தேர்த்திருவிழா, தீபாவளி, தைப்பொங்கல் ஆகியவற்றை முன்னிட்டு வெளியாகும் புடைவை, நகை, பலகார விளம்பரங்களைப் பார்த்துவிட்டே புறநகரிலுள்ள ஒரு குடும்பம் எந்தக் கடைக்குச் செல்வதெனத் தீர்மானிக்கக்கூடும். ஆதலால், பிறர் எவ்வாறு விளம்பரம் செய்கின்றனர் என்பதை அறிய வணிகர் விரும்புவது இயல்பே.

அவ்வாறு ஆராய்வதைப் பிரெஞ்சுச் சட்டம் தடை செய்யவில்லை. பிறருடைய உழைப்பை எடுத்துக்கொள்வதும், நுகர்வோரை ஏமாற்றுவதும், போட்டியாளரின் நற்பெயரைக் கெடுப்பதுமே தடைக்குரியவை. இந்த எல்லையை அறியாமல் செய்யும் சிறு செயலும் வணிகரை நீதிமன்றம் வரை கொண்டுசெல்லலாம்.

எவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், மாதந்தோறும் 4.5 கோடிக்கும் மேற்பட்ட ஐரோப்பியப் பயனர்களைக் கொண்டவையென அறிவிக்கப்பட்ட தளங்கள் தம்மிடம் வெளியாகும் விளம்பரங்களைப் பொதுப் பதிவேட்டில் வைக்க வேண்டுமென விதித்துள்ளது. முதலில் அறிவிக்கப்பட்ட தளங்களுக்கு இக்கடமை 2023 ஆகஸ்ட் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. விளம்பரத்தின் உள்ளடக்கம், அதற்குப் பணம் செலுத்தியவர், அது வெளியான காலம், எத்தகையோரை நோக்கி வெளியிடப்பட்டது, எத்தனை பேரைச் சென்றடைந்தது ஆகிய விபரங்கள் அப்பதிவேட்டில் இருக்க வேண்டும். விளம்பரம் கடைசியாகக் காட்டப்பட்ட பின்னரும் ஓராண்டு காலம் அவை பேணப்பட வேண்டும்.

முகநூல், இன்ஸ்டகிராம் ஆகியவற்றுக்கு மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகமும், கூகுள் விளம்பரங்களுக்கு அந்நிறுவனத்தின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையமும் உள்ளன. இரண்டும் இலவசமானவை. மெட்டாவின் நூலகத்தில் பிரான்சைத் தெரிவுசெய்து ஒரு கடையின் பக்கப் பெயரை இட்டால், அது பணம் செலுத்தி வெளியிட்ட விளம்பரங்களைக் காணலாம். நீண்ட காலம் தொடரும் விளம்பரம் பயன் தருகிறது என ஊகிக்கலாம். சில நாட்களில் நிறுத்தப்பட்டதை அவ்வாறே பின்பற்றுவதற்கு முன் சிந்திக்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, பதிவு எண் ஆகியவற்றை 2023 சனவரி 1 முதல் இயங்கும் தேசிய நிறுவனப் பதிவேட்டில் பார்வையிடலாம். இதனை நடத்தும் தேசிய தொழிற்சொத்து நிறுவனமான இன்பி, பதிவுசெய்யப்பட்ட வணிகச் சின்னங்களையும் இலவசமாகத் தேட வழிசெய்கிறது. புதிய கடைக்குப் பெயர் சூட்டுமுன் இத்தேடலைச் செய்வது நன்று.

எல்லை எங்கே தொடங்குகிறது?

முதலாவது, படங்களும் வாசகங்களும். அயல் கடையின் இனிப்புத் தட்டைப் பார்த்து அதைப் போன்ற தட்டை விற்கலாம். அக்கடை எடுத்த ஒளிப்படத்தைத் தமது பக்கத்தில் இடலாகாது. பதிப்புரிமையை மீறுவது 3 ஆண்டு வரையான சிறைக்கும் 300,000 யூரோ வரையான தண்டத்துக்கும் உரிய குற்றமாகும். பிறர் தளத்திலுள்ள தரவுத்தொகுப்பின் பெரும்பகுதியைத் தானியங்கி மென்பொருளால் அள்ளியெடுப்பதும் சட்டப் பாதுகாப்பை மீறுவதாகலாம்.

இரண்டாவது, பெயர்கள். கூகுள் தேடலில் தமது விளம்பரம் தோன்றுவதற்காக, போட்டியாளரின் பெயரைத் தேடுசொல்லாக வாங்கலாமா? இவ்வினா பரிஸ் நீதிமன்றங்களிலேயே எழுந்தது. லூயி வுய்த்தோன் என்று தேடுவோருக்குப் போலிப் பொருட்களை விற்கும் தளங்களின் விளம்பரங்கள் காட்டப்பட்டதால், அந்நிறுவனம் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு பிரான்சின் உயர் நீதிமன்றமான கூர் த கசாசியோன் வழியாக லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தை அடைந்தது. 2010 மார்ச் 23 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பின்படி, பொருள் எவரிடமிருந்து வருகிறது என்பதைச் சாதாரண இணையப் பயனர் எளிதில் அறிய முடியாதவாறு விளம்பரம் அமைந்தால், சின்னத்தின் உரிமையாளர் விளம்பரதாரரைத் தடுக்கலாம். சொல்லை வாங்குவது மட்டும் தவறாகிவிடாது. வாங்குபவரைக் குழப்புவதே தவறு.

மூன்றாவது, கருத்துகள். உறவினரைக் கொண்டோ பணம் கொடுத்தோ தமது கடைக்குப் பொய்யான ஐந்து நட்சத்திரங்களைப் பெறுவது நுகர்வோர் சட்டத்தின்கீழ் ஏமாற்று வணிகமாகும். இதற்கான அடிப்படைத் தண்டனை 2 ஆண்டு சிறையும் 300,000 யூரோ தண்டமும் ஆகும். இணையவழி இழைக்கப்படின் அது மேலும் கடுமையாகும். அயல் கடையின் பொருட்களை இகழ்ந்து எழுதுவது, குடியியல் சட்டக்கோவையின் 1240ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கோரும் வழக்குக்கு இடமளிக்கும். எழுதியது உண்மை என்ற ஒரே காரணம் எப்போதும் போதிய எதிர்வாதமாகாது.

விலையை ஒப்பிட்டு விளம்பரம் செய்ய அனுமதி உண்டு. ஆயினும் ஒப்பீடு ஒரே தேவையை நிறைவுசெய்யும் பொருட்களுக்கு இடையே, சரிபார்க்கத்தக்க விபரங்களுடன், நடுநிலையாக அமைய வேண்டும். எடையைக் குறிப்பிடாமல் அரிசிப் பையின் விலையை மட்டும் ஒப்பிடுவது இந்நிபந்தனைக்குப் பொருந்தாது.

பிறர் தவறு முன்மாதிரியாகாது

போட்டியாளர் செய்கிறார் என்பது அனுமதி பெற்றதற்குச் சமமன்று. 1994 ஆகஸ்ட் 4 ஆம் திகதிய மொழிச் சட்டத்தின்படி பிரான்சில் வெளியாகும் வணிக விளம்பரத்தில் பிரெஞ்சு மொழி இடம்பெற வேண்டும். தமிழ் வாசகத்தையும் சேர்க்கலாம். ஆனால் பிரெஞ்சு வாசகம் அதே அளவுக்குத் தெளிவாக இருத்தல் வேண்டும். தமிழில் மட்டும் வெளியான அயலவரின் அறிவிப்பைப் பின்பற்றுபவர் அதன் குறையையும் சேர்த்தே ஏற்கிறார்.

பாதிக்கப்பட்டவர் செய்யத்தக்கவை

தமது படத்தைப் பிறர் எடுத்தாண்டாலோ பொய்க் கருத்துகளால் பாதிப்பு ஏற்பட்டாலோ, உடனே பதில் கருத்து எழுதி வாக்குவாதத்தில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். திகதியும் முகவரியும் தெரியுமாறு திரைப்பதிவுகளைச் சேமித்தல் முதற்படி. நீதிமன்றத்தில் வலுவான சான்று தேவைப்பட்டால், கட்டணம் செலுத்தி கொமிசேர் த ஜுஸ்தீஸ் எனும் நீதித்துறை அலுவலர் மூலம் பதிவு அறிக்கை பெறலாம். 2022 சூலை 1 முதல் முன்னைய உய்சியே பதவிக்கு மாற்றாக இப்பதவி அமைந்துள்ளது. அடுத்து, கருத்தையோ படத்தையோ நீக்குமாறு தளத்திடம் முறையிட்டு, எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பலாம்.

சட்ட ஆலோசனை பெறச் செலவு அதிகமாகுமென அஞ்சத் தேவையில்லை. 30 39 என்ற தேசிய இலவச எண்ணை அழைத்தால் அருகிலுள்ள சட்ட உதவி நிலையத்தின் விபரம் தெரிவிக்கப்படும். அந்நிலையங்களில் ஆலோசனை இலவசம். சந்திப்புக்குச் செல்லும்போது திரைப்பதிவுகள், நிறுவனப் பதிவுச் சான்று, கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றை உடன் கொண்டு செல்லவும். பிரெஞ்சில் பேசுவதில் சிரமமுள்ளோர் மொழிபெயர்க்கக்கூடிய ஒருவரை அழைத்துச் செல்வது நன்று.