ராகிக் கணக்கு

மாயாற்றில் குளித்துவிட்டு யானைகள் வரிசையாக வந்து நிற்கும் நேரம்தான் தெப்பக்காடு யானைகள் முகாமில் பெரிய வேடிக்கை. வேகவைத்த ராகி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்த பெரிய கவளங்களைப் பாகன்கள் யானையின் வாய்க்குள் தள்ளுவார்கள். தடுப்புக்கு வெளியே சுற்றுலா வந்த பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். கூட்டம் அதிகம் கவனிக்காத ஒன்று சுவரில் இருக்கிறது. எந்த யானைக்கு எத்தனை கிலோ ராகி, எத்தனை கிலோ கொள்ளு என்று பெயர் வாரியாக எழுதிய பலகை அது. பெருக்கலும் விகிதமும் சொல்லித்தர இதைவிட நல்ல கணக்குப் புத்தகம் கிடைப்பது கஷ்டம்.

முகாமில் பாகனுக்கு உதவியாக இருப்பவரைக் காவடி என்கிறார்கள். தழை வெட்டுவது, யானையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது, சங்கிலி மாட்டுவது என்று தொடங்கும் வேலை. பாகன்களில் பலர் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். மகன் அப்பாவோடு போகிறான், பார்க்கிறான். கன்னத்தில் மதநீர் கசிகிறதா, காது ஆட்டம் திடீரென நின்றதா, நேற்றுத் தின்ற அளவு இன்று தின்றதா, சாணம் எப்படி இருக்கிறது? பார்த்துப் பார்த்தே படிகிற படிப்பு இது. தப்பாகப் படித்தால் உயிர் போகும் என்பதால் யாரும் மனப்பாடத்தில் ஒப்பேற்ற முடியாது.

தாயை இழந்த ரகு, அம்மு என்ற இரண்டு குட்டிகளை இங்கே வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியை ஊருக்கே தெரியும். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெள்ளிக்குக் காவடி பணி ஆணை கிடைத்தது. தமிழ்நாட்டில் அந்தப் பணிக்கு வந்த முதல் பெண் அவர். குட்டி வளர்க்கும் திறமை அவரிடம் ஆணைக்கு முன்பே இருந்தது. காகிதம்தான் பின்னால் வந்தது.

இப்போது நகரத்துக்கு வருவோம். சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளிக் கல்வியை உரிமையாக்கியது. வீட்டுவழிக் கல்விக்கென்று அதில் தனி விதி கிடையாது. அதனால் 14 வயதானதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதுதான் பலர் பிடிக்கும் பாதை.

இவர்களில் சிலர் செய்கிற தவறு சுவாரசியமானது. பள்ளி வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் அதே பள்ளியைக் கட்டிவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்கு அறிவியல். அம்மா மிஸ், அப்பா ஹெட்மாஸ்டர். மளிகைக் கடைச் சீட்டும் மின்கட்டண ரசீதும் பக்கத்திலேயே கிடக்கும். கணக்கு மட்டும் புத்தகத்திலிருந்துதான் வரும்.

தெப்பக்காட்டிலிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கூடலூரில் வேறு மாதிரி ஒரு கதை நடந்தது. ஆதிவாசிகளோடு வேலை செய்ய வந்த ராமா சாஸ்திரி, பி. ராம்தாஸ் தம்பதி 1990-களின் தொடக்கத்தில் சிறிய அளவில் வித்யோதயா பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டின் நடுவில் அது ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக மாறியது. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவரவர் சமூகத்தின் பாட்டும் கதையும் வகுப்புக்குள் வந்தன.

இது ஏன் முக்கியம்? பணியர் வீட்டில் பேசுவது பணிய மொழி, காட்டுநாயக்கர் வீட்டில் அவர்கள் மொழி. ஆறு வயதில் பள்ளிக்குள் நுழையும் குழந்தைக்குப் பாடப்புத்தகத் தமிழே அந்நியம். பதில் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைக்கு ‘மந்தம்’ என்று பெயர் வைப்பது சுலபம். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிக்கு ஏற்பாடு செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ‘காடே பள்ளிக்கூடம், பிள்ளைகளை அங்கேயே விட்டுவிடலாமே’ என்று நகரத்து நண்பர் யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்த வேண்டும். பட்டதாரித் தாய் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் அதற்குப் பெயர் மாற்றுக் கல்வி. காவடியின் மகன் நின்றால் அவன் ‘இடைநின்றவன்’. ஒரே செயல்தான், ஆனால் முதல் பிள்ளைக்கு விழுந்தால் தாங்க வீட்டில் புத்தக அலமாரியும் வங்கிக் கணக்கும் உண்டு. இரண்டாவது பிள்ளைக்கு அரசுப் பள்ளியின் மதிய உணவும் சான்றிதழும் தேவைப்படுகின்றன. கூடலூர்க்காரர்களும் பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் வீட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

யாருடைய அறிவைப் படிப்பு என்று எண்ணுகிறோம் என்ற இதே கேள்வி முகாமிலும் எழுந்தது. தமிழக அரசு 2023-இல் தெப்பக்காடு, ஆனைமலை முகாம்களின் பாகன்களையும் காவடிகளையும் சேர்த்து 13 பேரை யானைப் பராமரிப்புப் பயிற்சிக்காகத் தாய்லாந்துக்கு அனுப்பியது. தலைமுறையாக யானையோடு வாழ்கிறவர்களுக்கு அங்கே போய்க் கற்க என்ன இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது. தாய்லாந்துக்காரர்கள் தெப்பக்காட்டுக்கு வந்து கற்றுக்கொள்ள வேண்டியதன் பட்டியல் எவ்வளவு நீளம் என்று அந்தச் சர்ச்சையில் யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.