செய்வினை: செய்தவர் யார்?

நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் தெற்கே போகிறவர்களுக்கு அமரவிளைப் பாலம் தாண்டியதும் உதியன்குளங்கரை வந்துவிடும். அப்புறம் பாறசாலை, அதையும் கடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. நிலத்தைப் பிரித்தார்களே தவிரப் பேச்சைப் பிரிக்க முடியவில்லை. பயத்தையும்தான். தமிழ் வீட்டில் செய்வினை, ஏவல், பில்லி சூனியம் என்பதைப் பக்கத்து மலையாள வீட்டில் கூடோத்திரம், ஆபிசாரம் என்பார்கள். நம்முடைய இடுமருந்து அவர்களுக்குக் கைவிஷம். சேர்த்தலைக்கு அருகே திருவிழா மகாதேவர் கோயிலில் கைவிஷம் போக மருந்து கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யும் வழக்கம் பிரசித்தம்.

சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். சூனியம் என்றால் வெறுமை, ஒன்றுமில்லாதது. ஒன்றுமில்லாததற்குத்தான் இத்தனை பயம்! செய்வினை என்பது பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினையோடு சேர்த்துப் படித்த இலக்கணச் சொல். இலக்கணத்தில் எழுவாய் கண்ணுக்குத் தெரியும். இங்கே எழுவாயைத் தேடுவதுதான் வேலையே. கோளாறு என்ன என்பதைவிட, செய்தது யார் என்பதுதான் மந்திரவாதியிடம் போகிறவர்களின் முதல் கேள்வி.

இதை விளங்கச் சொன்னவர் இங்கிலாந்து மானிடவியல் அறிஞர் எவான்ஸ் பிரிட்சார்ட். ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி 1937-ல் அவர் எழுதிய நூலில் ஓர் உதாரணம் வருகிறது. நிழலுக்காகத் தானியக் குதிரின் அடியில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். குதிர் சரிந்து விழுகிறது. காலைக் கறையான் அரித்தது அந்த மக்களுக்கும் தெரியும். ஆனால் இவர்கள் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஏன் விழவேண்டும்? அதற்குப் பதில்தான் சூனியம். நம் ஊரிலும் இதே கணக்குத்தான். தென்னை நோயால் பட்டது எல்லோருக்கும் தெரியும். என் தென்னை மட்டும் ஏன் பட்டது என்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கிறார்.

நம் முன்னோர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் என்பதும் சரியல்ல. சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. மகள் மெலிந்துபோனால் தாய் வேலனை அழைக்கிறாள். இது முருகன் அணங்கியது என்று சொல்லி அவன் ஆடுகிறான், ஆட்டுக்குட்டியைப் பலியிடுகிறான். நோய் காதலால் வந்தது என்பது தோழிக்குத் தெரியும். வேலனைப் பார்த்து அவள் கேட்கும் கேலிக் கேள்விகள் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண்ணுக்கு அடிக்கடி வலிப்பு வந்தது. வாசலில் தோண்டியபோது செப்புத் தகடு ஒன்று கிடைத்ததாகச் சொன்னார்கள். வந்த மந்திரவாதி யார் பெயரையும் சொல்லவில்லை, கெட்டிக்காரர். "ரத்த உறவு, பெண், கிழக்கே இருக்கிறாள்" என்றார். கிழக்கே இருந்தது தாயின் நாத்தனார். பாகப்பிரிவினையில் ஏற்கெனவே மனஸ்தாபம், மிச்சத்தை வீட்டாரே நிரப்பிக்கொண்டார்கள். ஒரு வருடம் தாமதமாகத்தான் பெண்ணைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். தினசரி மாத்திரையில் வலிப்பு நின்றது. அந்த நாத்தனார் மட்டும் திரும்ப அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கும் அழைப்புப் போகவில்லை.

பழி எப்போதும் எளியவர்மேல்தான் விழுகிறது. பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றிய லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1883-ல் திருவிதாங்கூர் மக்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியவர்களுடைய மந்திரத்துக்கே மேல்சாதியார் நடுங்கியது அக்காலத்துப் பதிவுகளில் தெரிகிறது. வழியில் எதிரே வரக்கூடாது என்று விரட்டப்பட்டவனிடம் ஆளைக் கொல்லும் சக்தி இருப்பதாக நம்பினார்கள்! அமெரிக்காவில் சேலம் ஊரில் 1692-ல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். பீகாரில் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்க 1999-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் 2013-ல் டாக்டர் நரேந்திர தாபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவர் பல ஆண்டுகள் கேட்டுவந்த சட்டம் வந்தது. கேரளத்தில் நீதியரசர் கே. டி. தாமஸ் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019-ல் ஒரு மசோதா வரைந்து கொடுத்தது. 2022 அக்டோபரில் இலந்தூர் நரபலி வெளிவந்தபோது எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள். 2025 ஜூனில் அந்த மசோதாவைத் தொடர்வதில்லை என்று மாநில அரசு உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது.

வெளியூரில் வாழும் நமக்கு இந்தப் பயம் சற்று அதிகமாகவே ஒட்டுகிறது. ஊரில் வீடு கட்டுகிறோம், சொந்தக்காரர் கண் படுமோ என்று நினைக்கிறோம். பிறகு ஒருநாள் போன் வருகிறது: "யாரோ ஏதோ செஞ்சு வச்சிருக்காங்க, பரிகாரத்துக்குப் பணம் அனுப்பு." அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். பூஜை செய்வதால் பெரியவர்களுக்கு மனநிம்மதி கிடைத்தால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் யார் பெயர் அடிபடுகிறது என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். அந்தப் பெயருக்கு உரியவரிடம் நீங்களே ஒரு தடவை போனில் பேசிவிடுங்கள். விஷயம் வலிப்பு என்றால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உதியன்குளங்கரையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம்.