சமையற் போட்டி திறந்த கதவு

உருளைக்கிழங்கு ஒன்றைத் தோல் சீவி, சிறு கத்தியால் செதுக்கி, இரு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்த குட்டிப் பீப்பாய்போல் ஆக்கவேண்டும். அதற்கு ஏழு முகங்கள் இருத்தல் வேண்டும். ஆறும் பிழை, எட்டும் பிழை. இவ்வளவு பாடு எதற்கு என்று நம் இல்லத்தரசியர் கேட்கக்கூடும். நாமும் அவ்வாறே கேட்டோம். ஆனால் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஃபிராங்க்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில், வறுமையும் குடும்பச் சுமையும் அழுத்த வளர்ந்த மாணவர் சிலர், தங்கள் எதிர்காலமே அந்தக் கிழங்கில் இருப்பதாக எண்ணி நாள்தோறும் செதுக்கிப் பழகினர். 2008-இல் வெளிவந்த ‘பிரஷர் குக்கர்’ என்னும் ஆவணப்படத்தில் இவர்களைக் கண்ணுற்றோம்.

இவர்கள் எதிர்நோக்கிய போட்டியின் வரலாறு 1990-இல் தொடங்குகிறது. பாரிசு நகரின் ‘லெ கோர்டோன் ப்ளூ’ சமையற்பள்ளியின் தூதுவராக அமெரிக்காவில் பல்லாண்டு பிரெஞ்சுச் சமையலைக் கற்பித்த ரிச்சர்டு கிரௌஸ்மன் என்பவர், நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளின் மனையியல் வகுப்புகளை நாடிச் சென்றார். ஆசிரியர்களுக்கு முதலில் கற்பித்து, அவர்கள் வழியாக மாணவரை எட்டினார். ‘சி-கேப்’ எனச் சுருக்கமாக வழங்கும் அவருடைய திட்டம் பின்னர் பிலடெல்பியா, சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், வாஷிங்டன் முதலிய இடங்களுக்கும் பரவியது. ஆண்டுதோறும் சமையற் போட்டி நடத்தி, தேறியவர்க்குச் சமையற்கலைக் கல்லூரிகளில் பயில உதவித்தொகை வழங்குவது அதன் தலையாய பணிகளுள் ஒன்று.

இறுதிச் சுற்றில் இரண்டு பதார்த்தங்கள். காளான், தக்காளி, வெள்ளைத் திராட்சை மது சேர்ந்த குழம்பில் ‘வேட்டைக்காரன் கோழி’. அதற்குத் துணையாக மேற்சொன்ன உருளைக்கிழங்கு. அடுத்து, நம் தோசையினும் மெல்லிய ‘கிரேப்’. உள்ளே முட்டையும் பாலும் கலந்து காய்ச்சிய இனிப்பு, மேலே சாக்லேட் சாஸ். செய்முறையைத் தாளில் பார்த்தல் ஆகாது; அனைத்தும் மனப்பாடம். குறித்த நேரத்துக்குள் தட்டு நடுவர்முன் இருக்கவேண்டும்.

தங்கள் வீட்டில் ஒருநாளும் சமைத்திராத பிரெஞ்சு உணவை ஏழைப் பிள்ளைகள்மேல் சுமத்துவானேன் என்ற வினா நமக்குள் எழாமல் இல்லை. ஆயினும் நாம் குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தை உருப்போட்டது நினைவுக்கு வந்தது. மேனாட்டுப் பெரிய உணவகங்களின் அடுக்களைக்குப் பிரெஞ்சு முறையே இலக்கணம். ஒரே அளவாகச் செதுக்கிய கிழங்கு ஒரே நேரத்தில் வேகும். அதைச் செதுக்கத் தெரிந்தவனை அந்த அடுக்களை தன் ஆள் என்று ஏற்றுக்கொள்ளும். பள்ளி ஆசிரியை வில்மா ஸ்டீவன்சன் கடுஞ்சொல்லுக்கு அஞ்சாதவர். அவர் காட்டிய கண்டிப்பு சில இடங்களில் நமக்கே சற்று மிகையாகத் தோன்றியது. ஆனால் கோணலான கிழங்கை ‘பரவாயில்லை’ என்று ஏற்பது அப்பிள்ளைகளுக்குச் செய்யும் இரக்கம் ஆகாது என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

இப்பணிக்கு நிதி திரட்ட நியூயார்க்கில் ஆண்டுதோறும் பெருவிருந்து ஒன்றும் நடைபெறுகிறது. புகழ்பெற்ற சமையல் வல்லுநர்கள் சமைக்க, செல்வர்கள் கட்டணம் செலுத்திச் சுவைக்கின்றனர். ஏழையின் பெயரால் செல்வர் உண்பதா என்று நாம் முகம் சுளித்தோம். எனினும் அவ்விருந்தில் மாணவர்கள் காட்சிப்பொருளாக நிறுத்தப்படுவதில்லை. வல்லுநரின் அருகில் நின்று வேலை செய்கின்றனர்.

வாஷிங்டனின் அனகோஸ்டியா பகுதியில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த கார்ல்டன் மெக்காய் இப்போட்டியில் வென்ற உதவித்தொகையால் அமெரிக்கச் சமையற்கலைக் கழகத்தில் பயின்றார். 2013-இல் திராட்சை மது அறிவில் மிக உயர்ந்த தேர்வில் தேறினார். பின்னர் கலிபோர்னியாவின் பெயர்பெற்ற மது ஆலை ஒன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

எல்லாரும் மெக்காய் ஆவதில்லை. போட்டி என்றால் பெயர் அழைக்கப்படாதவரும் இருப்பர். பதினேழு வயதில், விழித்துப் பழகியபின், வெறுங்கையோடு வீடு திரும்புவது எளிதன்று. உதவித்தொகை பகுதியாகவே கிடைப்பின் எஞ்சிய கட்டணம் கடனாகும் என்பதையும் மறைப்பதற்கில்லை. இதை உணர்ந்தோ என்னவோ, அத்திட்டம் போட்டியோடு நின்றுவிடாமல், மாணவர்க்கு உணவகங்களில் பயிற்சி வேலையும் தேடித் தருகிறது. அங்கே அவர்கள் கையில் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு கத்தியும் ஒரு கூடைக் காய்கறியுமே.