எத்தனை மேட்டூர் நம்மிடம்?

பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 அன்று, 2024இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. காவிரி டெல்டாவில் பிறந்தவர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை தொடக்கத்தில் அணையின் நீர்மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. போர்வெல் இருந்தவர்கள் குறுவை நட்டார்கள், மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஜூலை 28 அன்று அணையைத் திறந்தார்கள். 30ஆம் தேதி நீர்மட்டம் 120 அடியைத் தொட்டுவிட்டது. அடுத்த நாள்களில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் வெளியேறி, பெரும்பகுதி கொள்ளிடம் வழியே கடலுக்குப் போனது.

விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்பது ஒரு நாளில் 8.64 டி.எம்.சி. பதினோரு நாள் அப்படி ஓடினால் ஒரு மேட்டூர் அணையே காலியாகிவிடும். ஆண்டு முடிவில் வரவு செலவு எழுதுகிறவருக்கு 2024 நல்ல ஆண்டு. குறுவை நட முடியாமல் போனவருக்கு அது பஞ்ச ஆண்டு. இரண்டுமே உண்மை. ஒரு நாட்டின் நீர்வளத்தையும் நீர்த்தேவையையும் தராசின் இரு தட்டுகளில் வைக்கும்போது எழுகிற எல்லாச் சிக்கல்களும் அந்த ஏழு வாரங்களுக்குள் அடக்கம்.

இந்தியா தன் நீர்க்கணக்கை பி.சி.எம். என்ற அலகில் எழுதுகிறது. ஒரு பி.சி.எம். என்பது 100 கோடி கன மீட்டர், நம் டி.எம்.சி.யில் 35க்குச் சற்று மேல். இந்த எண்கள் எதுவும் கண்முன் உருவமாக நிற்பதில்லை. நெல்லை மரக்காலால் அளப்பதுபோல நீரை மேட்டூரால் அளந்து பார்க்கலாம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

நாட்டின் மேல் ஓர் ஆண்டில் விழும் மழையும் பனியும் சுமார் 4,000 பி.சி.எம். என்பது நெடுங்காலமாகப் புழங்கும் மதிப்பீடு. அதாவது 1,500 மேட்டூர். அதில் ஆறுகளில் ஓடி வருவது 1,869 பி.சி.எம்., சுமார் 706 மேட்டூர். அணை கட்டியோ கால்வாய் வெட்டியோ பயன்படுத்தக்கூடிய மேற்பரப்பு நீர் என்று மத்திய நீர் ஆணையம் சொல்வது 690 பி.சி.எம். மட்டுமே. 261 மேட்டூர். ஆண்டுதோறும் ஊறிப் புதுப்பிக்கப்படும் நிலத்தடி நீர், பழைய மதிப்பீட்டின்படி, 433 பி.சி.எம்., அதாவது 164 மேட்டூர். இரண்டையும் கூட்டினால் 425க்கு மிக அருகில் வரும். இதுதான் நம் கையிருப்பு.

செலவுப் பக்கத்தை 1999இல் தேசிய ஒருங்கிணைந்த நீர்வள மேம்பாட்டு ஆணையம் எழுதியது. அதன் உயர்மட்ட மதிப்பீட்டின்படி 2010இல் தேவை 268 மேட்டூர், 2025இல் 318, 2050இல் 446. கையிருப்பைத் தேவை தாண்டிவிடுகிறது. அந்த 446க்குள் ஒரு நம்பிக்கையும் சேர்ந்தே இருக்கிறது. கால்வாய்ப் பாசனத்தில் அப்போது 35 முதல் 40 விழுக்காடு நீரே பயிருக்குப் பயன்பட்டது, 2050க்குள் அது 60 விழுக்காடாக உயர்ந்துவிடும் என்று எடுத்துக்கொண்டே அந்தக் கணக்கு போடப்பட்டது. நீர்வள அமைச்சகத்தின் நிலைக்குழு தனியாகப் போட்ட கணக்கில் 2050இன் தேவை 547 மேட்டூர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு மதிப்பீடுகளுக்கு இடையே நூறு மேட்டூர் வித்தியாசம்.

706 மேட்டூர் ஓடுகிறது, 261தான் பயன்படும் என்றால் மீதி எங்கே? விடையின் பெரும்பகுதி வடகிழக்கில் இருக்கிறது. பிரம்மபுத்திராவும் பராக் ஆறும் சேர்ந்து ஆண்டுக்கு 221 மேட்டூர் கொண்டுவருகின்றன. அதில் பயன்படுத்தக்கூடியது 9. மலைகளுக்கு நடுவே குறுகிய பள்ளத்தாக்கு, மழைக்காலத்தில் கட்டுக்கடங்காத வெள்ளம், தேக்கிவைக்க இடமில்லாத நில அமைப்பு. காவிரியைப் பாருங்கள். பழைய மதிப்பீட்டின்படி ஓடுவது 8 மேட்டூர், பயன்படுத்தக்கூடியது என்று எழுதியிருப்பது 7. ஒட்டக் கறந்த மடி அது. இந்த இரண்டையும் ஒரே கூட்டலுக்குள் போட்டு, மக்கள்தொகையால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது. 1951இல் ஆளுக்கு 5,177 கன மீட்டர், 2011இல் 1,545. சுவீடன் நீரியல் அறிஞர் மாலின் பால்கன்மார்க் வகுத்த அளவுகோலின்படி 1,700க்குக் கீழே போனாலே நெருக்கடி. எண்களில் பிழையில்லை. ஆனால் நாகப்பட்டினத்தில் இருப்பவரின் 1,545இல் பிரம்மபுத்திராவின் தண்ணீரும் கலந்திருக்கிறது. அது அவர் வாய்க்காலுக்கு வரப்போவதில்லை.

ஆற்றில் ஓடும் நீரின் அளவு எப்படித் தெரியும்? காவிரியில் பிலிகுண்டுலு, முசிறி போன்ற இடங்களில் நாள்தோறும் நீரோட்டத்தை அளக்கிறார்கள். ஆனால் கடைசி அளவை நிலையத்தைத் தாண்டும் நீர், ஆறு தந்த மொத்த நீர் அல்ல. மேலே எடுத்துக்கொண்டதையும், அணைகளில் தேங்கியதையும், அங்கே ஆவியானதையும் சேர்க்க வேண்டும். வயலிலிருந்து வடிந்து திரும்பவும் ஆற்றுக்கு வந்ததைக் கழிக்க வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலில் பாதி, ஊகமான எண்களே. 2019இல் மத்திய நீர் ஆணையமும் ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையமும் வழியை மாற்றின. 1985 முதல் 2015 வரையான மழையிலிருந்து தொடங்கி, செயற்கைக்கோள் காட்டும் நிலப்பயன்பாட்டையும் மண்ணின் தன்மையையும் வைத்து, எவ்வளவு ஓடியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். நாட்டின் மொத்தம் 1,869இலிருந்து 1,999 பி.சி.எம்.மாக உயர்ந்தது. காவிரி 8 மேட்டூரிலிருந்து பத்தரை மேட்டூர் ஆனது. மாறியவை கணக்குப்போடும் முறையும் எடுத்துக்கொண்ட ஆண்டுகளும்தான். அறிக்கை வெளிவந்ததால் எந்தக் கடைமடை வாய்க்காலிலும் கூடுதலாக ஒரு சாண் தண்ணீர் நிற்கவில்லை.

என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது வேறு ஒன்று. 4,000இல் ஆற்றுக்கு 1,869, நிலத்தடிக்கு 433 என்று எடுத்துவிட்டால் மீதம் சுமார் 1,700. மண்ணிலிருந்து ஆவியாவதும் பயிரும் மரமும் இலைகள் வழியே வெளியிடுவதும் அந்த மீதத்துக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் மழையில் 42 விழுக்காடுதான் வானத்துக்குத் திரும்புகிறது. உலக நிலப்பரப்பின் சராசரியோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. வெயில் காயும் இந்தியாவில் அது குறைவாக இருக்க என்ன காரணம்? 2008இல் பெர்க்லி பல்கலைக்கழக நீரியல் அறிஞர் டி. என். நரசிம்மன் இந்தக் கேள்வியை எழுப்பினார். உலகளாவிய விகிதத்தை இந்தியாவுக்குப் பொருத்திப் பார்த்தால், பயன்படுத்தக்கூடிய நீர் 425 மேட்டூரிலிருந்து சுமார் 247ஆகச் சுருங்கிவிடுகிறது. அப்போது நாடு செலவழித்துக்கொண்டிருந்ததோ 240. தாராளமாகக் கையிருப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டில் சல்லிக்காசு மிச்சமில்லை என்று தெரியவருவது போன்றது இது. அவர் எடுத்த விகிதம் நம் நாட்டுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். ஆனால் பட்டியலின் மிகப் பெரிய செலவினத்தை நேராக அளக்காமல், மிச்சத்தை வைத்துத் தீர்மானிப்பது எந்தக் கடைக்காரரும் செய்யாத காரியம்.

இன்னொரு பிழையும் உண்டு. மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர் என்று இரண்டு கலங்களாக எழுதுகிறோம். இயற்கையில் அவை ஒன்றே. கோடையில் ஆற்றில் கசிந்து ஓடும் நீர் நிலத்தடியிலிருந்து வருவது. கரையோரம் போர்வெல் போட்டு உறிஞ்சினால் ஆறு வறளும். டெல்டாவில் வாய்க்காலில் ஓடி மண்ணுக்குள் இறங்கும் நீரைத்தான் பக்கத்து வயல்காரர் மோட்டார் வைத்து மேலே எடுக்கிறார். வாய்க்காலுக்கு சிமெண்ட் பூசி மிச்சம்பிடித்ததாக நினைக்கும் நீரில் ஒரு பகுதி அவர் கிணற்றின் நீர். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யையும் கணக்கில் கொண்டு, நம் பங்கை 419இலிருந்து 404.25 ஆகக் குறைத்தது. டெல்டாவின் நிலத்தடி நீருக்கு ஊற்றே ஆற்றுநீர்தான் என்ற வாதம் அங்கே வலுவாக ஒலித்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மிகுதியான இடத்திலிருந்து பற்றாக்குறையான இடத்துக்குக் கொண்டுபோவதே தீர்வு என்ற எண்ணம் பழையது. அதற்கென்று தேசிய நீர் மேம்பாட்டு முகமை 1982இலேயே தொடங்கப்பட்டது. ஆனால் தென்மேற்குப் பருவமழையில் கோதாவரியும் மகாநதியும் பெருகும் அதே மாதங்களில்தான் காவிரியிலும் வெள்ளம் வருகிறது. மிகுதி என்பது எந்த மாதத்தில் என்று கேட்டால் பதில் சிக்கலாகிவிடும். மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பங்கேற்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் ஆழமான ஐயத்தைக் கிளப்பியது. ஒரு படுகையின் மண் ஈரம் காற்றில் ஏறி இன்னொரு படுகைக்கு மழையாகிறது. நீரை இடம்மாற்றிப் பாசனம் செய்தால், ஏற்கெனவே வறண்ட சில பகுதிகளில் செப்டம்பர் மழை 12 விழுக்காடு வரை குறையக்கூடும் என்கிறது அது. மீண்டும் அதே ஆவிதான். நாம் அளக்காமல் விட்ட அந்த 1,700.

2050இன் தேவைப் பட்டியலை வரிவரியாகப் படித்தால் மனம் கனக்கும். பாசனத்துக்கு 305 மேட்டூர். வீடுகளுக்கு 42. அணைகளிலும் தேக்கங்களிலும் வீணாக ஆவியாவதற்கு 29. நாட்டின் எல்லா ஆறுகளுக்கும், அவற்றின் மீனுக்கும் முகத்துவாரத்துக்கும் சேர்த்து, ஏழரை. வெயில் குடிப்பதில் நான்கில் ஒரு பங்குதான் ஆற்றுக்கு. கடலுக்குப் போகும் நீரை வீண் என்கிறோம். வண்டலைக் கொண்டுசேர்ப்பதும், பிச்சாவரத்து அலையாத்திகளை வளர்ப்பதும், கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறாமல் தடுப்பதும் அந்த நீர்தான்.

இத்தனை ஆண்டுக் கணக்குகளுக்கு நடுவே நான் மதிக்கும் கணக்கு ஒன்று உண்டு. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய 177.25 டி.எம்.சி.யை மாதம் மாதமாகப் பிரித்த அட்டவணை அது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்ட்டில் 45.95. இன்ன இடத்தில், இன்ன மாதத்தில், இவ்வளவு. பயிரின் நாள்காட்டியோடு பொருத்தி எழுதப்பட்டது. சண்டையே அதைச் சுற்றித்தான் நடக்கிறது என்றாலும், எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பதாவது இரு தரப்புக்கும் தெரிகிறது. அதன் கடைசி நான்கு வரிகள் பிப்ரவரி முதல் மே வரை, மாதத்துக்கு இரண்டரை டி.எம்.சி. விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கன அடி. காவிரி நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கிய 10 டி.எம்.சி. அது. வயலில் பயிர் இல்லாத அந்த நான்கு மாதமும் நீர் ஆற்றின் பெயரிலேயே வரவு வைக்கப்படுகிறது.