ரீமேப்: கூடுதல் இழுவை எங்கிருந்து வருகிறது?

2016இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்கோடா சூப்பர்ப் காரின் விவரப் பட்டியலில் ஒரு விநோதம் இருந்தது. பெட்ரோலில் ஒரே 1.8 லிட்டர் டர்போ இன்ஜின்தான். குதிரைத்திறனும் ஒன்றுதான், 180. ஆனால் கையால் கியர் போடும் வண்டியில் முறுக்குவிசை 320 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக் வண்டியில் 250. ஆட்டோமேட்டிக்கில் இருந்த டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் கியர்பாக்ஸின் உலர் கிளட்ச் தாங்கக்கூடிய உச்சம் 250 நியூட்டன் மீட்டர். அதனால் தயாரித்த நிறுவனமே மென்பொருளில் ஒரு வரம்பை எழுதி, இன்ஜினை அங்கேயே நிறுத்தி வைத்தது.

ரீமேப் என்று கடைகளில் சொல்வது இப்படி எழுதப்பட்ட வரம்புகளைத் திருத்துவதைத்தான். பிஸ்டன், டர்போ, இன்ஜெக்டர் எதையும் கழற்றுவதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட் இருக்கிறதே, அதன் வழியாக இன்ஜினின் கணினியில் உள்ள கோப்பைப் படித்து, எண்களை மாற்றி, திரும்ப எழுதுகிறார்கள். சில மணி நேர வேலை. ஓட்டிப் பார்த்தால் வேறு வண்டி மாதிரி இருக்கும். அந்தக் கூடுதல் இழுவை எங்கிருந்து வந்தது, அதற்கு வண்டியின் எந்தப் பாகம் விலை கொடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது நல்லது.

இன்ஜின் கணினிக்கு ஈ.சி.யு. என்று பெயர். எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியிலிருந்து கட்டுப்படுத்தும் மோட்ரானிக் அமைப்பை பாஷ் நிறுவனம் 1979இல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் கொண்டுவந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் சிப்பையே பிடுங்கி வேறு சிப் வைப்பார்கள். 'சிப் ட்யூனிங்' என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைய பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான அட்டவணைகள் உள்ளன. இத்தனை சுழற்சி வேகத்தில், இத்தனை சுமையில், இவ்வளவு எரிபொருள், இவ்வளவு காற்றழுத்தம், தீப்பொறி இந்த நொடியில் என்று கட்டம் கட்டமாக எண்கள். இந்த அட்டவணைக்குத்தான் 'மேப்' என்று பெயர்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது நாம் எரிபொருளை நேராகத் திறந்துவிடுவதில்லை. அரசு அலுவலகத்தில் மனு கொடுப்பது போலத்தான் அது. 'எனக்கு இவ்வளவு இழுவை வேண்டும்' என்ற மனு மேசை மேசையாகப் போகும். கியர்பாக்ஸ் இதைத் தாங்குமா என்று ஒரு மேசை பார்க்கும். இவ்வளவு டீசலை எரிக்கக் காற்று போதுமா, புகை வருமா என்று இன்னொரு மேசை. டர்போவின் அழுத்தம் எல்லைக்குள் இருக்கிறதா, தண்ணீர் சூடு ஏறியிருக்கிறதா என்று அடுத்தடுத்த மேசைகள். எல்லாரும் வெட்டியது போக மிஞ்சியதுதான் சக்கரத்துக்குப் போகும். நல்ல ட்யூனர் இந்த மேசைகள் அத்தனையையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். அவசரக்காரர் புகை மேசையைத் தூக்கிவிட்டு டீசலைக் கொட்டுவார். நெடுஞ்சாலையில் கரும்புகை கக்கிக்கொண்டு முந்திப் போகும் வண்டிகளில் பல இந்த இரண்டாவது வகை.

நம் ஊரில் அதிகம் ரீமேப் ஆன இன்ஜின்களில் ஒன்று ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் டீசல். 1,248 சி.சி. மாருதி ஸ்விஃப்டில் டி.டி.ஐ.எஸ்., டாடா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்று பல பெயர்களில் ஓடியது. ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் என்றால் அந்த நொடியில் கிடைப்பது சுமார் 54 குதிரைத்திறன். ரீமேப்பில் அதை 230 ஆக்கினால் அதே 2,000 சுற்றில் 65க்கு மேல் வந்துவிடும். லாரியை முந்தும்போது உடம்பு உணர்வது இந்த வித்தியாசத்தைத்தான். விளம்பரத்தில் போடும் உச்ச எண்ணை நாம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

'இதே இன்ஜின் எர்டிகாவில் 90 குதிரைத்திறன் தருகிறதே, ஸ்விஃப்டில் ஏன் கூடாது?' என்று கேட்பவர்கள் உண்டு. எர்டிகாவில் இருந்தது அலகுகளின் கோணம் மாறும் வேறு டர்போ. ஸ்விஃப்டின் எளிய டர்போவை வைத்துக்கொண்டு அதே எண்ணைத் தொட வேண்டுமானால் அதை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும், வெளியேறும் புகையின் சூடும் ஏறும். எண் ஒன்றாக இருந்தாலும் அதை எட்டும் வழி ஒன்றல்ல.

டர்போ உள்ள வண்டிகளில்தான் ரீமேப்புக்குப் பெரிய பலன். இன்ஜினின் சக்திக்கு உச்ச வரம்பு உள்ளே போகும் காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ இருந்தால் காற்றழுத்தத்தை மென்பொருளாலேயே உயர்த்தலாம். இருபது முதல் முப்பது சதவீதம் வரை கூடுதல் சக்தி சாதாரணமாகக் கிடைக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் காரில் வளிமண்டலம் தருவதுதான் காற்று. தீப்பொறி நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளி நான்கைந்து குதிரைத்திறன் எடுக்கலாம். அதற்காகப் பத்தாயிரங்களில் செலவழிப்பது என் கணக்கில் வீண். அந்தப் பணத்துக்கு நல்ல டயர் போடுங்கள்.

நிறுவனம் ஏன் இவ்வளவு இடைவெளி விட்டு வைத்தது? அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மே மாத வெயிலில் ஏசி போட்டு, ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறுகிறவருக்கும் வண்டி தாங்க வேண்டும். எங்கோ ஒரு பங்கில் மட்டமான எரிபொருள் போட்டவருக்கும், ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போட்டவருக்கும் தாங்க வேண்டும். மாசு விதியில் தேற வேண்டும், உத்தரவாதக் காலத்தில் செலவு வைக்கக் கூடாது. வணிகக் காரணமும் உண்டு: ஒரே இன்ஜினை இரண்டு விலையில் விற்க மென்பொருள் வசதியான கருவி. ரீமேப் செய்பவர் புதிதாகச் சக்தி எதையும் படைப்பதில்லை. இப்படி ஒதுக்கி வைத்த இருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறார்.

முதலில் வாய் திறந்து முறையிடுவது பெரும்பாலும் கிளட்ச். மேட்டில் நான்காவது கியரில் அழுத்தினால் முள் ஏறும், வண்டி ஏறாது; பிளேட் நழுவுகிறது என்று பொருள். உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. வண்டிகளில் இந்தச் செலவு பெரியது. பெட்ரோல் டர்போவில் வேறோர் ஆபத்து இருக்கிறது. குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் கொடுத்தால் தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். கடுமையாக நடந்தால் பிஸ்டனே உடையும். சில மேப்கள் எக்ஸ்.பி.95, எக்ஸ்.பி.100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதப்படுகின்றன. அந்த மேப்பைப் போட்டுக்கொண்டு கிடைத்த பங்கில் சாதாரணப் பெட்ரோல் நிரப்பினால் ட்யூனரைக் குறை சொல்ல முடியாது.

'மைலேஜும் கூடும்' என்று சொல்வார்கள். டீசலில் கீழ்ச்சுற்று இழுவை கூடி, கியர் மாற்றம் குறைந்து, அதே நிதானத்தில் ஓட்டினால் சிறிது கூடலாம். ஆனால் டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். எவ்வளவு டீசல் தெளித்தோம் என்று ஈ.சி.யு. போடும் கணக்கிலிருந்து வரும் எண் அது. ரீமேப்பில் அந்தக் கணக்கின் அட்டவணையையே தொட்டிருந்தால் திரை பொய் சொல்லும். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பதுதான் சரியான கணக்கு.

மலிவாகக் கிடைக்கும் 'ட்யூனிங் பாக்ஸ்' வேறு சரக்கு. அது ஈ.சி.யு.வைத் தொடாமல், நடுவில் உட்கார்ந்து சென்சாரின் செய்தியைத் திரிக்கும். எரிபொருள் குழாயில் அழுத்தம் குறைவு என்று பொய் சொன்னால் ஈ.சி.யு. அழுத்தத்தை ஏற்றிவிடும். பம்பும் இன்ஜெக்டரும் உண்மையில் என்ன அழுத்தத்தில் வேலை செய்கின்றன என்பது கணினிக்கே தெரியாது. கழற்றினால் தடயம் இல்லை என்பதே அதன் விற்பனை வாசகம். இன்னும் மலிவான ஒன்று ஆக்ஸிலேட்டர் மிதியில் மாட்டும் பெட்டி. பாதி மிதித்தால் முழுதும் மிதித்ததாகச் சொல்லும். வண்டி துள்ளும், சக்தி ஒரு துளிகூடக் கூடியிருக்காது.

மாசு விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது அடைத்துக்கொள்கிறது என்று வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு, மென்பொருளில் அதன் நினைவையும் அழித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மென்பொருளை வைத்து மாசு விதியை ஏமாற்றியதற்காகத்தான் 2015இல் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் பிடிபட்டது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. நிறுவனம் செய்தால் மோசடி, தெருமுனைக் கடையில் செய்தால் 'டிலீட்' என்றாகாது.

சட்டமும் சாதகமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. பதிவு விண்ணப்பத்தில் குதிரைத்திறனும் ஒரு விவரம். 2019 திருத்தம் அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணமாகலாம். உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, 'சர்வீஸுக்கு விடும்போது பழைய மேப்பை மாற்றிவிடலாம்' என்ற நம்பிக்கை எப்போதும் பலிக்காது. எத்தனை முறை எழுதப்பட்டது என்று பல ஈ.சி.யு.க்கள் எண்ணி வைக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் சந்தேகம் வந்தால் டி.டி.1 என்ற குறி நிறுவனப் பதிவேட்டிலேயே ஏறிவிடும். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டியின் கதை வேறு.

என் தீர்ப்பு இது. உத்தரவாதம் உள்ள வண்டி, வடிகட்டி உள்ள பி.எஸ்.6 டீசல், டர்போ இல்லாத பெட்ரோல் என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள். உத்தரவாதம் முடிந்த, கிளட்சும் டர்போவும் ஆரோக்கியமாக உள்ள, கையால் கியர் போடும் டர்போ வண்டி என்றால், சட்டச் சிக்கல் உங்கள் தலையில் என்று தெரிந்தே இறங்குபவருக்குப் பாகம் எதையும் மாற்றாத 'ஸ்டேஜ் 1' போதும். வேலைக்கு முன்னும் பின்னும் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றி அளந்து காட்டச் சொல்லுங்கள். கோப்பை எழுதும்போது பேட்டரிக்கு வெளி மின்சாரம் கொடுக்கிறாரா என்று பாருங்கள். பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் ஈ.சி.யு. செத்துவிடக்கூடும். வண்டியிலிருந்து எடுத்த அசல் கோப்பின் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.