மூட்டு மாத்திரை வாங்குமுன்

மைசூரு தேவராஜ மொஹல்லாவில், மஞ்சளும் குங்குமமும் பூவும் குவிந்து கிடக்கும் தேவராஜ சந்தையைக் கடந்து வருகையில், மருந்துக்கடை ஒன்றில் ஓர் இளைஞரைச் சந்தித்தோம். வலுதூக்கும் போட்டிகளுக்குப் பயிற்சி பெறுபவர். முழங்கால் வலிக்காகக் குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் கலந்த மாத்திரைகளை மாதந்தோறும் வாங்குவதாகக் கூறினார். மாதம் 1,500 ரூபாய் எனக் கொண்டாலும் ஆண்டுக்கு 18,000 ரூபாய் ஆகிறது. அத்தொகைக்கு ஈடாக அவர் பெறுவது யாது?

இவ்விரு பொருள்களையும் பற்றிய பெரிய ஆய்வொன்று 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாயிற்று. முழங்கால் மூட்டுத் தேய்வுடைய 1,583 பேர் 24 வாரங்கள் அதில் பங்கேற்றனர். இரு பொருள்களையும் சேர்த்து உண்டவருள் 100க்கு ஏறத்தாழ 67 பேருக்கு வலி குறைந்தது. ஆனால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை உண்டவருள்ளும் 60 பேருக்குக் குறைந்தது! இவ்வேறுபாடு உறுதியானதன்று என ஆய்வாளர் முடிவு செய்தனர். கடும் வலியுடைய சிறு பிரிவினருக்கு மட்டும் ஓரளவு பயன் தென்பட்டது. அவர்களும் தேய்வு நோயாளிகளே. பளு தூக்கும் இளைஞர்கள் அல்லர்.

இளைஞரின் வலிக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணும் குருத்தெலும்பும் அவ்வளவு விரைவில் இணங்குவதில்லை. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களே இல்லை. மூட்டு அழுந்தி விடுபடும்போது மூட்டு நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. எனவே அளவான உழைப்பு அதற்கு நன்மை. திடீரெனக் கூட்டிய எடை தீமை.

தசரா மற்போருக்குப் பெயர்பெற்ற இந்நகரில் இது புதுச்செய்தியன்று. கன்னடத்தில் 'கரடி மனை' எனப்படும் மற்போர்க்கூடங்களில் (கரடிக்கும் இதற்கும் தொடர்பில்லை) செம்மண் களத்தில் இறங்குமுன் தண்டாலும் பஸ்கியும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டப்படும். பழைய மல்லர்களுக்கு மூட்டுவலியே வந்ததில்லை என நாம் கூற வரவில்லை, அவர்களுக்கும் வந்திருக்கும்.

மாத்திரை வாங்கியே தீர வேண்டுமெனில் சிலவற்றைக் கவனித்தல் நலம். குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவினர் பச்சைக் குறியைப் பார்த்து வாங்குக. ஓட்டு மீன் ஒவ்வாமை உடையோர் மருத்துவரைக் கேளாமல் தொடவேண்டா. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போருக்கு இது இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். போட்டியாளர்களுக்கு இன்னோர் இடர் உண்டு: மாத்திரையில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், அறியாமல் உண்டேன் என்று சொல்லி ஊக்கமருந்துச் சோதனையிலிருந்து தப்ப இயலாது.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்போர் ஒன்றை நினைவிற் கொள்க. மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதித் தந்தாலன்றி, இத்தகைய துணையூட்டப் பொருள்களின் செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. முழுச் செலவும் தங்கள் சேமிப்பிலிருந்தே போகும்.

அவ்விளைஞரிடம் வலி எப்போது தொடங்கியது என வினவினோம். சற்றே எண்ணிப் பார்த்து, ஸ்குவாட் எடையை ஒரே மாதத்தில் 100 கிலோவிலிருந்து 130 கிலோவாக உயர்த்திய பிறகு என்றார். புட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, இயன்முறை மருத்துவர் ஒருவரின் முகவரியை விசாரிக்கலானார்.