மனசே... கொஞ்சம் உட்காரேன்!

நாளைக்கு இன்டர்னல். ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்தாச்சு. முதல் பாரா முடியறதுக்குள்ளே மனசு கேன்டீன், கிரிக்கெட், முறைச்சுட்டுப் போன ஃப்ரெண்ட், போன செமஸ்டர் அரியர்னு ஊரையே சுத்திட்டு வருது. கண் மட்டும் அதே வரியில! என்ன, உங்க கதை மாதிரியே இருக்கா?

கவலையை விடுங்க. இது செல்போன் கொண்டு வந்த வியாதி இல்லை. சுமார் 2,500 வருஷத்துக்கு முன்னாடி மகத நாட்டுக் காடுகளில் கண்ணை மூடி உட்கார்ந்த புத்த பிட்சுகளுக்கும் இதே தொல்லைதான். அலையும் மனசை அமைதிப்படுத்த அவர்கள் பழகிய வழிக்குப் பெயர், சமத தியானம்.

பௌத்தத்தில் தியானத்துக்கு இரண்டு பக்கம். கலங்கின தண்ணியில அடி தெரியாது இல்லையா? அதைத் தெளிய விடுவது ‘சமத’. தெளிஞ்ச பிறகு உள்ளே என்ன இருக்குனு பார்ப்பது ‘விபஸ்ஸனா’. எஸ்.என்.கோயங்கா (1924-2013) வழியில் நடக்கும் பத்து நாள் விபஸ்ஸனா முகாம்களில்கூட, முதல் மூன்று நாளுக்கு மேல் மூச்சை மட்டும்தான் கவனிக்கச் சொல்வார்கள். முதலில் தெளியணுமே!

கன்னுக்குட்டியும் கம்பமும்

கி.பி. 5-ம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் இருந்து புத்தகோசர் எழுதிய நூல் ‘விசுத்திமக்கம்’. மனசை நிறுத்த 40 வழிகளை அது பட்டியல் போடுகிறது. அதில் ரொம்பப் பிரபலமானது ‘ஆனாபானசதி’. அதாவது, உள்ளே போகும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் கவனிப்பது.

அடங்காத கன்னுக்குட்டியை ஒரு கம்பத்தில் கட்டினால் என்ன செய்யும்? இழுக்கும், துள்ளும். கடைசியில் கம்பத்துக்குப் பக்கத்திலேயே படுத்துடும். மனசுதான் கன்னுக்குட்டி, மூச்சு கம்பம், கவனம்தான் கயிறு என்கிறார் புத்தகோசர். கன்னுக்குட்டியை அடிக்கச் சொல்லலை, கவனிச்சீங்களா?

எண்ணத் தெரியுமா?

ஹாஸ்டல் கட்டிலில் பெட்ஷீட்டை மடிச்சுப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்காருங்க. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். அது பாட்டுக்குப் போய் வரட்டும். மூக்கு நுனியில் அது உரசுவதை மட்டும் கவனிங்க. உள்ளே போய் வெளியே வந்தால் ஒண்ணு.

ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல் எண்ணணும். ஏன் இந்தக் கணக்கு? ஐந்துக்குள்ளே நிறுத்தினால், குறுகலான பட்டியில் அடைபட்ட மாடு மாதிரி மனசு முட்டிமோதுமாம். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுட்டு எண்ணிக்கையைப் பிடிச்சுக்குமாம்.

ஆரம்பத்தில் நெல் அளக்கிறவர் மாதிரி நிதானமாக எண்ணுங்க. நம்ம ஊர் களத்துல ‘லாபம்... ரெண்டு... மூணு...’னு அளப்பாங்களே, அந்த வேகம் போதும். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போச்சா? நோ டென்ஷன். மறுபடி ‘லாபம்’! மனசு ஓடினதைக் கண்டுபிடிச்சு திரும்பக் கூட்டி வருவதும் பயிற்சிதான். கவனம் நல்லா ஒட்டிக்கிட்ட பிறகு எண்ணிக்கை தேவையில்லை, மூச்சே போதும்.

தூக்கம் சொக்குதா?

ஆசை, கோபம், தூக்கக் கலக்கம், பரபரப்பும் குற்ற உணர்ச்சியும், சந்தேகம் - தியானத்துக்கு இந்த ஐந்தும் தடைகள். பாடப் புத்தகத்துக்கும்தான்! தூங்கி வழிந்த சீடர் மொக்கல்லானருக்கு புத்தர் தந்த டிப்ஸைப் பாருங்க: காதைப் பிடிச்சு இழு, கை காலைத் தேய்ச்சு விடு, எழுந்து கண்ணைக் கழுவிட்டு நட்சத்திரங்களைப் பார், அங்கேயும் இங்கேயும் நட. எதுவுமே பலிக்கலைனா? வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கு! நைட் அவுட் அடிக்கிறவங்க கடைசி டிப்ஸை மறக்க வேண்டாம்.

ஒரே நாளில் சாதிக்கணும்னு குதிக்கிறவங்களுக்குச் சோணர் கதை. பணக்கார வீட்டுப் பிள்ளையான அவர், பாதத்தில் ரத்தம் வரும் வரை நடந்து நடந்து தியானம் செய்தார். பலன் இல்லை, வீட்டுக்கே போயிடலாமானு யோசித்தார். வீணை வாசிக்கத் தெரிந்த அவரிடம் புத்தர் கேட்டது, தந்தியை ரொம்ப முறுக்கினால் நல்ல இசை வருமா? ரொம்பத் தளர்த்தினால்? ரெண்டுமே இல்லாத நடு நிலைதான் பயிற்சிக்கும். முதல் வாரம் பத்து நிமிஷம் போதும்.

இதையும் கேளுங்க

மூச்சை எண்ணினால் அரியர் கிளியர் ஆகிடாது. படிக்க உட்காரும்போது மனசும் கூடவே உட்காரும், அவ்வளவுதான். விசுத்திமக்கம் தியானத்தில் ஆரம்பிக்கலை. ஒழுக்கத்தில்தான் ஆரம்பிக்குது. சட்டைப் பையில் பிட்டை வெச்சுக்கிட்டு மன அமைதியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இன்னொரு விஷயம், இது சீரியஸ். தியானம் மருந்துக்கு மாற்று இல்லை. சோகம் வாரக்கணக்கில் விடாமல் அழுத்தினாலோ, வாழவே பிடிக்கலைனு தோணினாலோ, தனியாக உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. உடனே வீட்டில் சொல்லுங்க, டாக்டரைப் பாருங்க. உட்காரும்போது பயமோ பதற்றமோ அதிகமானால் நிறுத்திட்டு, தெரிந்த ஆசிரியரிடம் கேளுங்க. அதில் வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. உங்க ரூம்மேட் அப்படி ஒதுங்கி இருந்தால், ‘தியானம் பண்ணுடா’னு அட்வைஸ் பண்ணாமல் பக்கத்தில் போய் உட்காருங்க.

மத்தவங்க எல்லாம் இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம். செல்போனை ஆஃப் பண்ணியாச்சா? முதுகு நேரா இருக்கா? ம்... லாபம்... ரெண்டு... மூணு!